861 கோடி எண்ணைப் பிளக்க எந்த வழி?

1874-இல் இங்கிலாந்துப் பொருளியலாளரும் தர்க்கவியலாளருமான வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் ஒரு பத்து இலக்க எண்ணைத் தன் வாசகர்கள் முன் வைத்தார்: 8,61,64,60,799. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது ஒருநாளும் தெரியவராது என்றே நினைப்பதாகவும் எழுதினார். பெருக்குவது சுலபம், பெருக்கியதைப் பிரிப்பது பெரும்பாடு என்பதுதான் அவர் சொல்ல வந்த விஷயம். அது சரியான விஷயம்தான். நூறு வருஷம் கழித்து, செய்திகளை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் ஆர்.எஸ்.ஏ. குறியாக்க முறை அதன் மேல்தான் எழுந்தது. ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் ஜெவன்ஸ் கோட்டைவிட்டார். தாளும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதைப் பிளந்துவிடலாம். கீழே செய்தே காட்டுகிறேன்.

கேள்வி இதுதான். கையில் ஒரு பெரிய முழு எண் இருக்கிறது, அதன் குணங்கள் தெரிய வேண்டும். வழிகள் பல உண்டு. எதை எடுப்பது? பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது எத்தனை இலக்கம் என்பதை. அது இரண்டாம்பட்சம் என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று. எங்கோ எதேச்சையாக விழுந்த எண்ணா, ஒரு சூத்திரத்தில் பிறந்ததா, யாராவது வேண்டுமென்றே இரண்டு பகா எண்களைப் பெருக்கிச் செய்ததா? அடுத்த கேள்வி, அதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. பகா எண்ணா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதுமா, காரணிகளே வேண்டுமா? இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவது மலிவு, இரண்டாவது சில சமயம் ஆயுளையே விழுங்கும்.

ஜெவன்ஸின் எண்ணை எல்லா வழிக்கும் பொதுவான சோதனைப் பொருளாக வைத்துக்கொள்கிறேன். ஒரே எண்ணை வைத்து மதிப்பிட்டால் தீர்ப்பு கோணிவிடும் என்பதால், துணைக்கு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: 2⁶⁷ − 1, அதாவது 147573952589676412927. இது 21 இலக்கம்.

வகுக்காமலே தெரிபவை

சில குணங்களுக்குக் காரணியே தேவையில்லை. ஜெவன்ஸ் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 799. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 7. ஆயிரம் என்பது 8-இன் மடங்கு என்பதால் முழு எண்ணுக்கும் மீதி 7-தான். எந்த வர்க்க எண்ணை 8-ஆல் வகுத்தாலும் 0, 1, 4 தவிர வேறு மீதி வராது. இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 மீதி கிடைக்காது. ஆக, இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது, மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவும் எழுத முடியாது. லக்ராஞ்சு 1770-இல் நிறுவிய தேற்றப்படி நான்கு வர்க்கங்கள் எந்த முழு எண்ணுக்கும் போதும். இதற்கு அந்த நான்கும் வேண்டும். கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தே இவ்வளவு சொல்லிவிடலாம்.

சிறு காரணிகளைத் தட்டிப் பார்ப்பதும் இந்த வகைதான். இலக்கங்களைக் கூட்டினால் 56, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதால், வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். 799 − 460 + 616 − 8 = 947. இந்த 947-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, 11-ஆல் வகுத்தால் 1, 13-ஆல் வகுத்தால் 11. மூன்றும் இல்லை என்று முடிவாகிவிட்டது. எந்த எண்ணாக இருந்தாலும் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் மேலே போகக் கூடாது. கணினி நிரல்களும் முதலில் செய்வது இதைத்தான்.

வரிசையாக வகுத்துப் பார்ப்பது

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த வழி. 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே வர்க்கமூலம் வரை போவது. இதைச் சின்னப் பிள்ளை வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எதேச்சையாகக் கிடைத்த எண்ணுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. காரணம் எளிது. நூறு முழு எண்களை எங்கிருந்து எடுத்தாலும் அவற்றில் சுமார் 88 எண்களுக்கு 100-க்குள் ஒரு பகாக் காரணியாவது இருக்கும். 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும் காட்டியது இன்னும் துலக்கமானது. ஒரு எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வரும் மதிப்பை ஒட்டியே பெரும்பாலும் இருக்கும். 861 கோடிக்கு அது மூன்றுக்குச் சற்று மேல். ஆக, வழக்கமான பத்து இலக்க எண் மூன்று பகா எண்களில் சிதறும், அவற்றில் ஒன்றிரண்டு பொடியாக இருக்கும். வகுத்தல் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும்.

ஜெவன்ஸின் எண் அப்படிப்பட்டதல்ல. அது செய்யப்பட்ட எண். அதன் சிறிய காரணியே ஐந்து இலக்கம். அதை எட்டுவதற்குள் 8,600-க்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். கணினிக்கு இது கண் இமைக்கும் நேரம், மனிதருக்கு மாதக்கணக்கு. ஜெவன்ஸின் தன்னம்பிக்கைக்கும் இந்தக் கணக்குதான் ஆதாரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேறு வழி இருக்கலாம் என்று அவர் யோசிக்கவில்லை.

கணினிக்கும் ஒரு எல்லை உண்டு. இருபது இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி நாற்பது இலக்க எண் ஒன்று செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10²⁰-க்குக் கீழே உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 2.2 × 10¹⁸. நொடிக்கு 100 கோடி வகுத்தல் செய்யும் இயந்திரத்துக்கும் முழுவதையும் கடக்க 70 வருஷம் ஆகும். இத்தனைக்கும் பகா எண் பட்டியல் தயாராகக் கையில் இருக்கிறது என்ற பொய்யான அனுமானத்தோடு போட்ட கணக்கு இது.

வர்க்கங்களின் வித்தியாசம்: ஃபெர்மாவின் வழி

ஜெவன்ஸ் மறந்த வழி அவருக்கு இருநூறு வருஷம் முன்பே இருந்தது. 1643-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா எழுதிய கடிதம் ஒன்றில் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு அவர் பார்த்த எண்கள் பன்னிரண்டே.

பள்ளியில் படித்த சூத்திரம்தான்: அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ). ஒற்றைப்படைப் பகு எண் எதையும் இப்படி இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியும். ஆகவே வர்க்கமூலத்துக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, அ-வை ஒவ்வொன்றாகக் கூட்டி, அ²-இலிருந்து நம் எண்ணைக் கழிக்க வேண்டும். மீதம் ஒரு முழு வர்க்கமாக வந்துவிட்டால் வேலை முடிந்தது.

ஜெவன்ஸ் எண்ணின் வர்க்கமூலம் 92,825-க்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறினால் 56-ஆவது முயற்சியில் விடை வரும். 8,600-ஐ 56-உடன் ஒப்பிட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் முதலில் பார்த்த மீதிகளை இங்கே கொண்டுவந்தால் 56-உம் தேவையில்லை.

நம் எண் 8-ஆல் வகுத்தால் 7 மீதி தருவது. அ², ஆ² இரண்டின் மீதியும் 0, 1, 4-க்குள் அடங்கும். வித்தியாசம் 7 ஆக ஒரே வழிதான்: அ²-க்கு 0, ஆ²-க்கு 1. ஆக, அ என்பது 4-இன் மடங்கு. 3-ஆல் வகுத்தால் நம் எண்ணுக்கு மீதி 2. வர்க்கங்களின் மீதி இங்கே 0 அல்லது 1 மட்டுமே, ஆகவே மறுபடி அ²-க்கு 0, ஆ²-க்கு 1. அ என்பது 3-இன் மடங்கும்கூட. சேர்த்துப் பார்த்தால் 12-இன் மடங்கு. 92,825-க்கு மேல் உள்ள 12-இன் மடங்குகள்: 92,832, 92,844, 92,856, 92,868, 92,880.

இனி 5. நம் எண்ணுக்கு மீதி 4. வர்க்கங்களுக்கு மீதி 0, 1, 4. வித்தியாசம் 4 ஆக வேண்டுமானால் அ²-இன் மீதி 0 அல்லது 4 ஆகத்தான் இருக்க முடியும், 1 ஆக முடியாது. அதாவது இரட்டைப்படையான அ-வின் கடைசி இலக்கம் 4 ஆகவோ 6 ஆகவோ இருக்காது. 92,844-உம் 92,856-உம் விலகின. மிஞ்சியவை மூன்று.

92,832-இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 13,19,425. இது 1148², 1149² ஆகியவற்றுக்கு நடுவே விழுகிறது, வர்க்கம் அல்ல. 92,868-க்குக் கழித்தால் 80,04,625. இது 2829², 2830² ஆகியவற்றுக்கு நடுவே விழுகிறது, இதுவும் அல்ல. 92,880-க்குக் கழித்தால் 1,02,33,601. இது 3199-இன் வர்க்கம். 92,880 − 3,199 = 89,681. 92,880 + 3,199 = 96,079. இரண்டும் பகா எண்கள். யாருக்கும் தெரியாது என்று ஜெவன்ஸ் சொன்ன விடை மூன்று கழித்தலில் வந்துவிட்டது. பிற்காலத்தில் சாலமன் கோலம்ப் என்ற கணிதவியலாளர் சட்டைப்பை கால்குலேட்டர் ஒன்றை வைத்துக்கொண்டே இந்த எண்ணைப் பிரித்தார்.

காரணி கிடைத்துவிட்டால் மற்ற குணங்கள் தானாக விழும். வகுத்திகள் மொத்தம் நான்கு. அவற்றின் கூட்டல் 8,61,66,46,560. இதனுடன் பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் 8,61,62,75,040. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் வெறும் 1,85,761. அந்தக் கூட்டல் எண்ணைவிடக் குறைந்தால் குறைவு எண் என்பார்கள்; இது படுமோசமான குறைவு எண்.

இவ்வளவு அழகாக வேலை செய்ததால் ஃபெர்மாவின் வழிதான் சிறந்தது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் 2⁶⁷ − 1 வந்து காலை வாருகிறது. அதன் காரணிகள் 19,37,07,721-உம் 7,61,83,82,57,287-உம். ஒன்று மற்றதைப் போல நாலாயிரம் மடங்குக்கு அருகில். ஃபெர்மாவின் வழியில் ஒவ்வொன்றாக ஏறினால் சுமார் 36,900 கோடி முயற்சி வேண்டும். அதே எண்ணுக்கு வரிசை வகுத்தலோ மிக மலிவு. 67 பகா எண் என்பதால் 2⁶⁷ − 1-இன் எந்தப் பகாக் காரணியும் 134-இன் மடங்கோடு 1 சேர்ந்த வடிவில்தான் இருக்கும். 134-க்கு ஒரு எண்ணை மட்டும் தொட்டால் போதும். 14,45,580-ஆவது முயற்சியில் காரணி அகப்படும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தர வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனையும் இருப்பதால் அதிலும் பாதி கழிந்துவிடும். ஜெவன்ஸ் எண்ணில் வென்ற வழி இங்கே படுதோல்வி, அங்கே தோற்ற வழி இங்கே வெற்றி. இலக்கங்களின் எண்ணிக்கையா இதைத் தீர்மானித்தது? 2⁶⁷ − 1 ஒரு சூத்திரத்தில் பிறந்த எண். அந்தப் பிறப்பே காரணிகளின் சாயலைச் சொல்லிவிட்டது. ஜெவன்ஸின் எண் ஒருவர் கையால் செய்தது. கையால் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே அளவு எண்களைத்தான் எடுப்பார்கள், அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

இது பழங்கதை அல்ல. 2022-இல் ஹன்னோ பொக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சில அச்சுப்பொறிகள் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. சாவிகளை, அதாவது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்த எண்களை, இதே ஃபெர்மா வழியால் உடைத்துக் காட்டினார். இரண்டு பகா எண்களையும் மென்பொருள் அக்கம்பக்கமாகத் தேர்ந்தெடுத்திருந்தது. நூற்றுக்கணக்கான இலக்கம் இருந்தும் எண் நொடியில் விழுந்தது.

பகா எண்ணா, இல்லையா? அது மட்டும் போதும் என்றால்

காரணி வேண்டாம், பகா எண்ணா என்று மட்டும் சொல் என்றால் கணக்கு அடியோடு மாறுகிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, எண் பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். எண்ணே 2-ஆக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 861 கோடி அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம். வர்க்கம் எடுத்து வகுத்து மீதி, மறுபடி வர்க்கம் எடுத்து வகுத்து மீதி என்று 33 தடவை செய்தால் போதும். ஜெவன்ஸ் எண்ணுக்கு மீதி 1 வராது. ஆகவே அது பகு எண், ஐயமே இல்லை. ஆனால் காரணி என்ன என்பது பற்றி இந்தச் சோதனை வாயே திறக்காது.

சோதனை ஏமாறும் அபாயம் உண்டு. மேலே அடுக்குக்கு உயர்த்திய 2-ஐ அடிமானம் என்பார்கள்; அதன் இடத்தில் வேறு எண்ணையும் வைக்கலாம். ஜெவன்ஸ் எண்ணைப் பகா எண் என்று பொய் சொல்லக்கூடிய அடிமானங்கள், 861 கோடியில் நான்கே நான்கு. அவற்றிலும் இரண்டு, 1-உம் ஜெவன்ஸ் எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணும், ஒப்புக்கு இருப்பவை. எதேச்சையாக எடுத்த அடிமானம் இங்கே ஏமாற்ற வாய்ப்பே இல்லை எனலாம். ஆனால் 561 போன்ற எண்கள் உண்டு. 3 × 11 × 17. தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை வைத்தாலும் மீதி 1 தந்து பகா எண் வேஷம் போடும். கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். இவை முடிவற்றவை என்று 1994-இல் நிறுவப்பட்டது.

ஆகவே இன்று யாரும் வெறும் ஃபெர்மா சோதனையோடு நிற்பதில்லை. மில்லர்-ராபின் சோதனைக்குப் போய்விடுகிறார்கள். செலவு ஏறத்தாழ அதே. வித்தியாசம் என்னவென்றால் கடைசி விடையை மட்டும் பார்க்காமல் வழியில் வரும் மீதிகளையும் இது கவனிக்கிறது. 561-க்கு 2-ஐ அடிமானமாக வைத்தால் வழியில் 263, 166, 67, 1 என்று மீதிகள் வரும். 67-இன் வர்க்கம் 1 ஆகிறது. எண் பகா எண்ணாக இருந்தால், 1-ஐயும் அதற்கு எதிர்மறையையும் தவிர வேறெதன் வர்க்கமும் 1 மீதி தரக் கூடாது. வேஷம் கலைந்தது. கூடுதலாக, 67 − 1 = 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 33 என்ற காரணியும் கையில் விழும்.

ஒரு தடவை செய்தால் பகு எண் தப்பிக்க அதிகபட்ச வாய்ப்பு நாலில் ஒரு பங்கு. இருபது தடவை செய்தால் அது லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு. 2⁶⁴-க்கு உட்பட்ட எண் என்றால் வாய்ப்புக் கணக்கே தேவையில்லை. 2 முதல் 37 வரை உள்ள பன்னிரண்டு பகா எண்களை அடிமானமாக வைத்தாலே விடை உறுதி என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. ஜெவன்ஸ் அளவு எண்ணுக்கு 2, 3, 5, 7, 11 போதும்.

அப்படியானால் 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கண்டுபிடித்த ஏ.கே.எஸ். முறை எதற்கு? இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவாகவே ஏறும் நேரத்துக்குள், வாய்ப்பைச் சாராமல், நிறுவப்படாத ஊகம் எதையும் நம்பாமல், பகா எண்ணா என்று சொல்ல முடியும் என்று முதன்முதலாக நிறுவியது அதுதான். கணிதத்தில் பெரிய வெற்றி. ஆனால் ஓட்டிப் பார்த்தால் மில்லர்-ராபினுக்குப் பக்கத்தில்கூட நிற்காது, அவ்வளவு மெதுவு. பாடத்தில் படித்துவிட்டு நிரலில் ஏ.கே.எஸ். எழுதக் கிளம்பும் மாணவர்களுக்கு நான் சொல்வது, படித்து ரசியுங்கள், ஓட்டாதீர்கள். ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம்தான் வேண்டும் என்றால் நீள்வட்ட வளைகோடுகளை வைத்துச் செய்யும் நிரூபண முறை இருக்கிறது, நடைமுறையில் அதுதான் புழக்கத்தில் உள்ளது.

கருவி பற்றி ஒரு எச்சரிக்கை. பத்து இலக்கம்தானே என்று எக்செலில் இந்தச் சோதனையைப் போட்டால் விடை தப்பும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது, இங்கே வர்க்கம் எடுத்தாலே இருபது இலக்கம் வரும். சி மொழியில் 64 பிட் மாறியில் எழுதினாலும் இதே கதிதான், 861 கோடியின் வர்க்கம் 2⁶⁴-ஐத் தாண்டிவிடுகிறது. பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லையே இல்லை, அங்கே நிம்மதி. ஃபெர்மாவின் மூன்று கழித்தலுக்குக் கைபேசியில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரே தாராளம்.

பகா எண் சோதனைக்கும் காரணி காண்பதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதற்கு 2⁶⁷ − 1 நல்ல சாட்சி. அது பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். காரணிகள் மட்டும் தெரியவில்லை. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல், 2⁶⁷ − 1-ஐயும் அந்த இரண்டு காரணிகளின் பெருக்கலையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். இடையில் ஓடியது 27 வருஷம்.

பொல்லார்டு தந்த குறுக்கு வழிகள்

காரணி வேண்டும், வகுத்தல் எட்டவில்லை, காரணிகள் அருகருகே இருக்கின்றன என்ற நம்பிக்கையும் இல்லை. அப்போது ஜான் பொல்லார்டு 1970-களில் தந்த இரண்டு வழிகளை எடுக்கலாம்.

முதலாவது, காரணியை விட்டுவிட்டு, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணைக் குறிவைப்பது. 89,681-இல் ஒன்று கழித்தால் 89,680. அது 16 × 5 × 19 × 59. எல்லாம் பொடி எண்கள். 59 வரை உள்ள 17 பகா எண்களையும் போதிய அடுக்குகளோடு பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகைக்கு 2-ஐ உயர்த்தி, ஒன்று கழித்து, ஜெவன்ஸ் எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் 89,681 நேராக வந்து நிற்கும். மற்றக் காரணியான 96,079 அகப்படாது, ஏனென்றால் 96,078-க்குள் 67-உம் 239-உம் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அகப்பட்டு மற்றது அகப்படாமல் இருப்பதுதான் நமக்கும் வேண்டும்.

2⁶⁷ − 1-க்கும் இது பலிக்கும். 19,37,07,720 என்பது 8 × 27 × 5 × 67 × 2677. நானூறுக்கும் குறைவான பகா எண்களோடு வேலை முடிகிறது. ஆனால் இங்கே அடிமானமாக 2-ஐ வைத்தால் ஒன்றும் நடக்காது. 2-இன் 67-ஆவது அடுக்கு இரண்டு காரணிகளுக்குமே 1 மீதி தருவதால் முழு எண்ணும் ஒட்டுமொத்தமாகத் திரும்பி வரும். 3-ஐ வைக்க வேண்டும். எண்ணின் பிறப்பைப் பார்க்காமல் கருவியை எடுத்தால் இப்படித்தான் முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது ரோ முறை. ஒரு எண்ணில் தொடங்கி, வர்க்கம் எடுத்து ஒன்று கூட்டி நம் எண்ணால் வகுத்த மீதியை எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, வரும் மீதிகளின் வித்தியாசத்துக்கும் நம் எண்ணுக்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் காரணியின் அமைப்பைப் பற்றிய எந்த நம்பிக்கையும் வேண்டாம். சுமாராகக் காரணியின் வர்க்கமூலம் அளவுக்குச் சுற்றினால் அகப்படும். ஜெவன்ஸ் எண்ணுக்குச் சில நூறு சுற்று, 2⁶⁷ − 1-க்கு 14,000-ஐ ஒட்டி. முதல் முறை சீட்டு விழுந்தால் பரிசு, விழாவிட்டால் பூஜ்யம். ரோ அப்படி இல்லை, மாதச் சம்பளம் மாதிரி. எண் இருபது இலக்கத்துக்குள் என்றால், அதன் பிறப்பு பற்றி ஒன்றும் தெரியாதபோது, நான் நேராக ரோவுக்குத்தான் போவேன். அதற்கு மேல், சிறிய காரணி ஒன்று ஒளிந்திருக்கலாம் என்று தோன்றினால் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைகோட்டு முறை. அதன் செலவு பெரும்பாலும் தேடும் காரணியின் அளவைப் பொறுத்தது, எண்ணின் மொத்த அளவை அவ்வளவாகப் பொறுத்ததல்ல.

சல்லடைகள்

தேர்ந்து செய்த எண், இரண்டு காரணியும் பெரிது, நெருக்கமும் இல்லை, பலவீனமும் இல்லை என்றால் மிச்சம் இருப்பவை சல்லடைகள் மட்டுமே. கார்ல் பொமரன்ஸின் இருபடிச் சல்லடையும் அதன் பிறகு வந்த எண் புலச் சல்லடையும். அடிப்படையில் இவை ஃபெர்மாவின் பிள்ளைகள். ஒரே அ-வில் முழு வர்க்கம் கிடைக்கும் என்று காத்திருக்காமல், பொடிக் காரணிகளாக உடையும் பல மிச்சங்களைச் சேகரித்து, அவற்றைப் பெருக்கி வர்க்கமாக்குவது.

செலவு எப்படி என்றால், 1977-இல் நூறு டாலர் பரிசோடு வெளியான 129 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண் 1994-இல்தான் பிளந்தது. இருபடிச் சல்லடையை அறுநூறு பேர் அளவில் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் ஓட்டினார்கள். 250 இலக்க எண் 2020-இல் எண் புலச் சல்லடையால் பிளந்தது. கணினிச் செயலியின் ஒரே உள்ளகத்தில் (கோர்) ஓட்டியிருந்தால் சுமார் 2,700 வருஷம் ஆகியிருக்கும். இன்று புழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவி 617 இலக்கம்.

ஆகவே ஒரு எண் கையில் வந்தால் நான் போகும் வரிசை இது. மீதிகளும் சிறு பகா எண்களும் எப்போதும் முதலில். உடனே மில்லர்-ராபின். பகா எண் என்றால் அங்கேயே நிறுத்தம், இல்லாத காரணியைத் தேடி இரவெல்லாம் கணினியை ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பகு எண் என்றால் பிறப்பைப் பார்ப்பது. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவு, தொடர்பெருக்கத்தில் ஒன்று கூடுதல் மாதிரி சூத்திர எண் என்றால் அந்த வடிவம் காரணிகளுக்கு என்ன நிபந்தனை போடுகிறது என்று தேடிவிட்டு, அதன் பிறகே வகுத்தல். மனிதரோ மென்பொருளோ செய்த எண் என்றால் ஃபெர்மாவின் வழிக்கு ஒரு லட்சம் முயற்சி, பொல்லார்டின் முதல் முறைக்கு ஒரு நிமிடம். இரண்டுக்கும் செலவு சொற்பம், பலித்தால் லாபம் பெரிது. அதே ஆள் செய்த இன்னொரு எண்ணும் கிடைத்தால் இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுத்துப் பார்ப்பேன். சோம்பேறித்தனமாக ஒரே பகா எண்ணை இரண்டிலும் போட்டிருந்தால் யூக்ளிடின் பழைய முறையே இரண்டையும் உடைத்துவிடும். பிறப்பு தெரியாத எண் என்றால் ரோ, பிறகு நீள்வட்ட வளைகோடு. நூறு இலக்கத்துக்குள் என்றால் வீட்டுக் கணினியில் இருபடிச் சல்லடை, ஓட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இருநூறு இலக்கத்துக்கு மேல் போய், மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால், பகு எண் என்று மட்டும் குறித்துவைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவேன்.